ரெண்டு பேர் சொல்லணும்

பத்திரிகை ஆபீசில் அவனுக்குப் பட்டப்பெயர் ‘ரெண்டு பேர்’. ஆள் என்னவோ ஒருத்தன்தான், அதிலும் ஒல்லி. ஆனால் கடைவீதியில் தீப்பிடித்துவிட்டது என்று யாராவது ஓடி வந்து சொன்னால், “வேற யாராவது சொன்னாங்களா?” என்று கேட்ட பிறகுதான் பேனா மூடியைக் கழற்றுவான். ஜன்னல் வழியே புகை தெரிந்தாலும் கேட்பான் என்று லே-அவுட் அண்ணன் ஓட்டுவார். பக்கத்தில் எந்தச் செய்தி எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்கிறவர் அவர். அந்த ஆபீசில் அவனுக்கு நெருக்கம் என்றால் அவர் ஒருவர்தான்.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை, சூடு பட்டு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓய்வுபெற்ற தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் காலமாகிவிட்டார் என்று போனில் யாரோ சொல்ல, இவன் விழுந்தடித்துக்கொண்டு எழுதிவிட்டான். முதல் பக்கம், படத்தோடு. மறுநாள் காலை தலைவர் தன் சாவுச் செய்தியைத் தானே படித்துவிட்டு, வயதைக் கூட்டிப் போட்டுவிட்டீர்கள் என்று ஆசிரியருக்குப் போன் செய்தார். ஆசிரியர் இவனை நேரில் போய் மன்னிப்புக் கேட்டு வரச் சொன்னார். தலைவர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். அவர் மனைவிதான் விடவில்லை. “ஏம்ப்பா, ஒருத்தர் சொன்னா எழுதிடுவியா? நான் இங்கதானே இருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?” அந்த அம்மா கேட்டது அவனுக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டு பேர் சொல்லாமல் ஒரு வரி எழுதமாட்டான்.

அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “பாவம்டா அந்தம்மா, எப்படிப் பதறியிருப்பாங்க” என்றாள். எதிலும் சிரிப்பு முதலில், பாவம் அப்புறம். அக்கா அப்படித்தான்.

அவனுக்கு அக்காதான் எல்லாம். அவன் பிறந்தபோது என்ன பெயர் வைப்பது என்று பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கம் அடித்துக்கொண்டிருக்க, சின்னப் பெண்ணான இவள் சொன்ன பெயரைத்தான் அம்மா வைத்தாள். அவன் நடக்கப் பழகுவதற்குள் அம்மா போய்விட்டாள். அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊரோடு போய்விட்டார். அக்கா படிப்பை மூட்டைகட்டிவிட்டு ஆயத்த ஆடைக் கம்பெனியில் சேர்ந்தாள். தைத்து வருகிற சட்டைகளில் நூல் பிசிர் வெட்டி, தையல் விட்டதை ஒதுக்கி வைக்கிற வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே. அந்த வேலை அவள் கையோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. எதிரில் யார் நின்றாலும் சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைப் பிய்க்காமல் அவளால் பேச முடியாது.

தம்பி படித்து முடிக்கும்வரை கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள். அத்தான் பெண் கேட்டு வந்தபோதும், “சின்னவன் எங்கூடத்தான் இருப்பான்” என்று சொல்லிவிட்டுத்தான் கழுத்தை நீட்டினாள். அத்தானுக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. தங்கமான மனுஷன் என்று எல்லோரும் சொல்வார்கள். தங்கம்தான், ஆனால் நாலு சொந்தக்காரர்கள் சேர்ந்து குரலை உயர்த்தினால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளைந்துவிடும். அந்தத் தம்பதிக்குப் பிள்ளை இல்லை. அவன் பெயர் முதன்முதலாக அச்சில் வந்த அன்று அக்கா அந்தப் பேப்பரைக் கம்பெனி மேசையில் விரித்து வைத்து, “இந்தப் பேரு நான் வச்சது” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டினாளாம்.

பிறகு முதலாளி பத்திரிகையை மூடிவிட்டுக் கட்டிடத்தை விற்றார். அந்த நேரத்தில் வெளிநாட்டில் ஒரு பயிற்சிக்கு அவனுக்கு இடம் கிடைத்தது. போகலாமா வேண்டாமா என்று அவன் குழம்பிக்கொண்டிருந்தபோது அக்காதான் பிடித்துத் தள்ளினாள். “போடா. இங்க உக்காந்துக்கிட்டு கூரையப் பாத்து என்ன பண்ணப் போற? எழுதறவன் எங்க போனாலும் எழுதுவான்.” கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடுவான் என்று அவளும் நினைத்தாள், அவனும் நினைத்தான். பயிற்சி முடிந்தது. திரும்பினால் வேலை இல்லை. சரி, கொஞ்சம் பார்ப்போம் என்று தங்கினான். அந்தக் கொஞ்சம்தான் நீண்டுகொண்டே போயிற்று.

அங்கே முதலில் கிடைத்தது எழுதுகிற வேலை இல்லை, எழுதியதைக் கட்டுகிற வேலை. அச்சாகி வரும் செய்தித்தாள்களை அடுக்கி, பட்டை போட்டு, வேனில் ஏற்ற வேண்டும். மை கையில் ஒட்டியிருக்கும். மற்றபடி தொழிலுக்கும் அவனுக்கும் தொடர்பு அவ்வளவுதான். ஓய்வு நேரத்தில் ஒரு கட்டுக்குள்ளிருந்து ஒரு பேப்பரை உருவி, புரிகிற வரிகளை மட்டும் படிப்பான். புரிகிற வரிகள் மெல்ல மெல்லக் கூடின. ஒருநாள் துணிந்து, கால்வாய்ப் பாலத்தில் விளக்கு எரியாததைப் பற்றி நாலு பத்தி எழுதி, ஒரு வாரப் பத்திரிகையில் கொண்டுபோய்க் கொடுத்தான். போட்டார்கள். அதிலிருந்து நகரசபை, தண்ணீர் வாரியம், சாலை விபத்து என்று யாருக்கும் பிடிக்காத செய்திகள் எல்லாம் அவன் தலையில் வந்து விழுந்தன. அவனுக்கோ விருந்து வைத்த மாதிரி இருந்தது.

எழுத்து வந்துவிட்டது, பேச்சுதான் படுத்தியது. அந்த ஊரில் பெரியவர் சின்னவர் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நரைத்த தலையோடு இருக்கிற மேயரை மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட அவன் வாய் வரவே இல்லை. இருமி இருமியே மேயரின் கவனத்தைத் திருப்பி இரண்டு கூட்டங்களை ஓட்டினான். மூன்றாவது கூட்டத்தில் மேயர் அவனுக்கு இருமல் மிட்டாய் நீட்டினார். யார் காலை யார் மிதித்தாலும் இருவருமே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதும், ‘முடியாது’ என்று சொல்லாமலே முடியாது என்று சொல்வது எப்படி என்பதும் அங்கேதான் படித்தான். ஜோக்குக்குச் சரியான இடத்தில் சிரிக்கத்தான் ரொம்ப நாள் பிடித்தது.

அவன் எழுதிக் கொடுப்பதைத் திருத்துகிற வேலையில் ஒரு பெண் இருந்தாள். பிழைதிருத்துகிறவள். அவன் தாள்களைச் சிவப்பாக்கி அனுப்புவாள். ஒருநாள் நேராகவே வந்து சொன்னாள். “உங்க வாக்கியம் எல்லாம் கதவைத் தட்டிட்டு வெளியவே நிக்குது. உள்ள வரச் சொல்லுங்க.” அவனுக்குச் சுருக்கென்றது. அன்று முழுக்க யோசித்துப் பார்த்தால், வெளியே நின்றது வாக்கியம் மட்டும் இல்லை.

மதம் மாறினான் என்றதும், பெண்ணுக்காக மாறினான் என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள். அப்படியில்லை. முதலில் அவன் அந்த வழிபாட்டுக் கூடத்துக்குப் போனது செய்திக்காக. கூரை ஒழுகுவதைச் சரிசெய்ய நகரசபை அனுமதி தரவில்லை என்று புகார். குறிப்பெடுக்கப் போனவனைப் பார்த்து, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பக்கத்து நாற்காலியில் இருந்த தன் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “உக்காருங்க” என்றார். செய்தி முடிந்தது. அடுத்த வாரம் அவனுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, இருந்தும் போனான். அதே நாற்காலியில் கோட்டு. அவனைக் கண்டதும் தபால்காரர் எடுத்துக்கொண்டார். அந்த நாட்டில் அவனை எதிர்பார்த்து இருந்த முதல் இடம் அதுதான். அவன் வந்தாலும் வராவிட்டாலும் வேறு எங்கேயும் எதுவும் குறையாது. இங்கே ஒரு நாற்காலி காலியாக இருக்கும்.

போகப் போக, அங்கே பாடுகிற பாட்டின் பொருள் புரிந்தது. பொருள் புரிந்த பிறகு ஒருநாள் தன்னை அறியாமல் கண் கலங்கியது. பாடுகிறவர்கள் வரிசையில் பிழைதிருத்துகிறவளும் நின்றிருந்தாள் என்பதும் உண்மைதான், மறைப்பானேன். ஆனால் அவளும் கேட்கவில்லை, தபால்காரரும் கேட்கவில்லை. சேர்ந்துகொள்கிறேன் என்று அவனாகத்தான் போய்ச் சொன்னான். சேருகிறவர்கள் புதுப் பெயர் எடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். எடுத்துக்கொண்டான். அன்று அவன் மனசு நிறைந்திருந்தது. அதில் பொய் இல்லை.

பொய் எல்லாம் போனில்தான். அக்காவிடம் வாரம் தவறாமல் பேசுவான்; இந்த விஷயத்தை மட்டும் அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினான். அவள் முகம் தெரியாத தூரத்தில் இருந்து இதை எப்படி ஆரம்பிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதற்கு முன்பே ஒருநாள் பேச்சுவாக்கில், “அந்தக் கதவுக்கு உள்பக்கம் போடுவாங்களே...” என்று சொல் வராமல் திணறியிருக்கிறான். “தாழ்ப்பாள்டா” என்றாள் அக்கா. “வேற என்னெல்லாம்டா மறந்துபோச்சு?” என்றும் கேட்டாள். ஒரு தாழ்ப்பாளுக்கே இப்படி என்றால் இதை எப்படிச் சொல்வான்?

செய்தியை ஆறவிட்டால் வேறு எவனாவது கொண்டுபோய்விடுவான். தொழிலில் இருக்கிறவனுக்கு இது தெரியாதா? வழிபாட்டுக் கூடத்துக்காரர்கள் அவன் சேர்ந்த படத்தைப் புதுப் பெயரோடு இணையத்தில் போட்டார்கள். அது தூரத்துச் சொந்தம் ஒருவர் கண்ணில் பட்டு, கை மாறிக் கை மாறி, கடைசியில் அக்கா நூல் வெட்டுகிற மேசைக்கு வந்து சேர்ந்தது. கூட வேலை செய்கிறவள் போனை நீட்டி, “இது உங்க தம்பிதானே?” என்று கேட்டிருக்கிறாள்.

அன்று அக்காவே கூப்பிட்டாள்.

“ஊருக்கெல்லாம் சேதி சொல்றவன். எனக்கு மட்டும் கடைசியில வருது.”

“சொல்லணும்னுதான்க்கா இருந்தேன்.”

“இப்ப உம் பேரு என்னடா?”

சொன்னான். அவள் அந்தப் பெயரை மெல்ல ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு” என்றாள். போனை வைத்துவிட்டாள். கோபமா, வருத்தமா, நிஜமாகவே நல்லா இருக்கிறதா, ஒன்றும் பிடிபடவில்லை. அதற்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும் அத்தான்தான் எடுத்தார். அக்கா குளிக்கிறாள், கடைக்குப் போயிருக்கிறாள், தூங்குகிறாள்.

கொஞ்ச நாள் கழித்து அத்தானிடமிருந்து போன். “மாப்ள, அக்காவுக்கு நெஞ்சு வலி. உடனே கிளம்பி வா.”

“அவகிட்ட குடுங்க அத்தான்.”

“பேசற நிலைமைல இல்லப்பா.”

இரண்டு பேர் கதை எல்லாம் அன்று அவன் நினைவுக்கே வரவில்லை. போட்ட சட்டையோடு விமானம் ஏறினான். வழியெல்லாம் அக்காவைக் காப்பாற்று என்று புது வழிபாட்டில் பாதி, பழைய வழிபாட்டில் பாதியாக வேண்டிக்கொண்டே வந்தான். யார் கேட்டாலும் சரி, கேட்டால் போதும் என்று இருந்தது.

வீட்டு வாசலில் ஏகப்பட்ட செருப்பு. உள்ளே போனால், கூடத்தில் பெரியப்பாவும் சொந்தக்காரர்களும் வட்டமாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்படியிலிருந்து அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முழுசாக, நல்லபடியாக.

“என்னடா, சொல்லாம கொள்ளாம?” என்றாள்.

அவன் அவளை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தான். அதற்குள் பெரியப்பா தொண்டையைச் செருமினார். நடந்தது நடந்துவிட்டது, யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம், ஒரு சின்னச் சடங்கு, அரை மணி நேரம், பழையபடி ஆகிவிடலாம் என்றார். சட்டையைச் சலவைக்குப் போட்டு வாங்குவது போல அவ்வளவு சுலபமாகச் சொன்னார். ஆளுக்கொரு வாய் பேசியது. அத்தான் தூணோடு தூணாக நின்றுகொண்டு தரையைப் பார்த்தார். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. நெஞ்சு வலியும் இல்லை, ஒரு வலியும் இல்லை.

“நீயும் இதுக்குக் கூட்டா?” என்று அக்காவைப் பார்த்துக் கேட்டான்.

அக்கா அவனைப் பார்த்தாள். அத்தானைப் பார்த்தாள். அத்தனை பேர் நடுவில் அவள் வாய் திறக்கவில்லை. கிட்டே வந்து, அவன் சட்டைக் கைமடிப்பில் நீட்டிக்கொண்டிருந்த நூல் ஒன்றைப் பிடித்தாள். அவன் கையை உதறிக்கொண்டான்.

“இனிமே நீ செத்துட்டன்னு சொன்னாக்கூட ரெண்டு பேர் சொன்னாத்தான் நம்புவேன்.”

சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிப் போனான். யாரும் தடுக்கவில்லை. தெருமுனை திரும்பும்போது, அக்கா வாசல்வரை வந்தாளா என்று திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்க்கவில்லை. அந்த வீறாப்பை நினைத்துப் பிற்பாடு எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டான் என்று அவன் மனைவிக்குத்தான் தெரியும்.

ஆமாம், பிழைதிருத்துகிறவள் மனைவி ஆனாள். பத்திரிகையில் அவன் செய்திப் பிரிவுக்குப் பொறுப்பாளன் ஆனான். புதுசாகச் சேர்கிறவர்களை உட்கார வைத்து, ஒருவர் சொன்னால் அது பேச்சு, இரண்டு பேர் சொன்னால்தான் செய்தி என்று பாடம் எடுப்பான். மகள் பிறந்தாள். அந்த ஊர்ப் பேச்சை அந்த ஊர்க் குழந்தையாகவே பேசினாள். இவன் மொழியில் அவளுக்குத் தெரிந்தது ‘வா’, ‘போ’, ‘அச்சச்சோ’ மட்டும். கோபம் ஆறியதும் அவன் பழையபடி அக்காவுக்குப் போன் செய்ய ஆரம்பித்தான். அத்தான்தான் எடுப்பார். “அவ பேச மாட்டேங்கறா மாப்ள.” ஏன் என்று கேட்டால் பதில் வராது. மகள் படத்தை அனுப்பினான். பார்த்தாள் என்றார் அத்தான். என்ன சொன்னாள் என்றால், ஒன்றும் சொல்லவில்லை என்றார்.

மதம் மாறியதற்காகத்தான் அக்கா தன்னை வெட்டிவிட்டாள் என்று அவன் முடிவு கட்டிக்கொண்டான். வழிபாட்டுக் கூடத்தில் எல்லோரும் கண்ணை மூடி வேண்டும்போது இவனும் வேண்டுவான்: அவள் ஒரே ஒரு தடவை என்னோடு பேச வேண்டும். வைவதாக இருந்தாலும் பரவாயில்லை. வருஷங்கள் ஓடின, வேண்டுதல் மாறவில்லை.

அன்று நகரசபைக் கூட்டம். வரி பற்றிய வாக்கெடுப்பு நடக்கிற நேரத்தில் பையில் போன் அதிர்ந்தது. வெளியே வந்து எடுத்தான்.

“மாப்ள, அக்காவுக்கு ரொம்ப முடியல. ஆஸ்பத்திரியில சேத்திருக்கேன். உன்னைக் கேக்கறா. கிளம்பி வா.”

“அவகிட்ட குடுங்க.”

“பேசற நிலைமைல இல்லப்பா.”

அதே வார்த்தை, அதே குரல். “என்னைக் கேக்கறான்னு சொல்றீங்க, பேசற நிலைமைல இல்லைன்னும் சொல்றீங்க. எது நிஜம்?” என்று கேட்டான். அத்தான் ஏதோ சொல்ல வந்தார். பக்கத்தில் யாரோ கூப்பிட்டார்கள், வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான், எடுக்கவில்லை.

அவன் என்ன செய்வான்? இத்தனை வருஷமாக எதைச் செய்தானோ அதைத்தான் செய்தான். ஊரில் இருக்கிற லே-அவுட் அண்ணனைக் கூப்பிட்டு, “அண்ணே, அக்கா வீடு வரைக்கும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வர முடியுமா?” என்று கேட்டான். அண்ணனுக்கு மூட்டு வலி, இருந்தும் போனார். போய்விட்டுக் கூப்பிட்டார்.

“வீடு பூட்டியிருக்கு தம்பி. எதுத்த வீட்டம்மாகிட்ட விசாரிச்சேன். காலையில ரெண்டு பேரும் ஆட்டோல போனாங்களாம். உங்க அக்கா, பைய எடுத்துக்கிட்டு, வந்துடறேன்னு சொல்லிட்டுத்தான் ஏறினாங்களாம். நல்லாத்தான் இருந்தாங்கன்னு சொல்றாங்க.”

“நல்லா இருந்தாங்கன்னா சொன்னாங்க?”

“அப்படித்தான் சொன்னாங்க.”

அவனுக்கு நிம்மதியும் கோபமும் ஒன்றாக வந்தன. மறுபடியும் சொந்தமெல்லாம் எங்கேயோ கூடியிருக்கிறது, மறுபடியும் ஏதோ ஏற்பாடு. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

“கிளம்பு.”

“போன தடவையும் இதையேதான் சொன்னாங்க. இன்னொரு ஆள் சொல்லட்டும்.”

“இது செய்தி இல்ல. உங்க அக்கா.”

“பொய்யா இருந்தா?”

“பொய்யா இருந்தா, போய்ப் பாத்துட்டு வந்த மாதிரி ஆச்சு. அதுல உனக்கு என்ன நஷ்டம்?”

நியாயமான கேள்விதான். அவனிடம் பதில் இருந்தது, சொல்ல வெட்கமாக இருந்தது. இன்னொரு தடவை அந்த வீட்டுக் கூடத்து நடுவில், அக்கா வாய் திறக்காமல் நிற்பதைப் பார்க்க அவனுக்குத் தெம்பு இல்லை. பயம்தான், வேறொன்றும் இல்லை. பயத்தைத் தொழில்முறை என்று சொல்லிக்கொண்டான். நாளைக்கு மறுபடி விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, வாக்கெடுப்புச் செய்தியை எழுத உட்கார்ந்தான். அத்தானை இடையில் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டும் பார்த்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் அவனாகக் கூப்பிடுவதற்கு முன்பே லே-அவுட் அண்ணனிடமிருந்து போன் வந்தது. அவர் மனசு கேட்காமல் காலையில் மறுபடி போய்ப் பார்த்திருக்கிறார். எடுத்ததும் மூச்சு மட்டும் கேட்டது.

“அண்ணே?”

“உறுதிதான் தம்பி. நானே பாத்தேன். இப்பத்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தாங்க.”

இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். அவன் போனைக் காதில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மகள் வந்து அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த மூன்று சொற்களில் ஒன்றைச் சொன்னாள். “அச்சச்சோ.” அதற்குப் பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது.

விமானத்தில் கண்ணை மூடினால் அக்கா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “என்னடா, சொல்லாம கொள்ளாம?” பத்துப் பதினைந்து தடவை அதையே பார்த்த பிறகு சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் வரப்போவது தெரிந்திருந்தால் அவள் ஏன் அப்படிக் கேட்கிறாள்? சாவுக்கு வருகிறவனைப் போல ஓடி வந்தவனைப் பார்த்து, திடீரென்று வந்தவனிடம் கேட்பதைக் கேட்டாள். அவளுக்குத் தெரியாது. அந்தக் கூட்டுச் சதியில் அவள் இல்லை. அவன் காதால் கேட்ட சாட்சி அது. ஊரார் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்கிறவன், அவள் வாயிலிருந்து வந்த மூன்று சொல்லை நின்று கேட்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று அவன் தலையசைத்தான்.

போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். யார் சொன்னார்கள் என்று அவன் கேட்கவில்லை. வாசலில் செருப்பு அதிகம் இல்லை. பெரியப்பா காலமாகி ரொம்ப நாளாகிறது. மற்றவர்கள் வந்த வேலை முடிந்து கிளம்பிவிட்டார்கள். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டு, ஒன்றில் மட்டும் அத்தான் உட்கார்ந்திருந்தார். முகத்தில் நாலு நாள் தாடி. அவனைப் பார்த்ததும் எழுந்தார், எழுந்த வேகத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“நடந்துதான் வந்தா மாப்ள, அங்க போனப்புறம்தான் மோசமாச்சு. ஆஸ்பத்திரி உள்ள போனை வெச்சிக்க விடல. வெளிய வந்து பாத்தா நீ கூப்பிட்டிருந்த. அப்ப கூப்பிட எனக்குத் தைரியம் வரல. நான் சொன்னா நீ நம்பமாட்டேன்னு தெரியும்.”

அவன் ஒரு நாற்காலியை உருவிப் போட்டு எதிரில் உட்கார்ந்தான்.

“அன்னிக்கி நெஞ்சு வலின்னு சொன்னது...”

“நான்தான். உங்க பெரியப்பா சொல்லச் சொன்னாரு, சொல்லிட்டேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நீ போனப்புறம் எங்கூட ஒரு மாசம் பேசல. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, ஒரு மாசம்.”

“அப்புறம் எங்கிட்ட ஏன் அத்தான் பேசல?”

அத்தான் துண்டால் முகத்தைத் துடைத்தார். “கூச்சம். எம் புருஷன் பொய் சொல்லி அவனை வரவெச்சு அவமானப்படுத்திட்டான், எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் பேசறதுன்னு கேப்பா. நாளைக்குப் பேசறேன், நாளைக்குப் பேசறேன்னு தள்ளிக்கிட்டே போயிட்டா.”

நாளைக்கு, நாளைக்கு. அக்காவும் தம்பியும் ஒரே ரகம்தான்.

“நான் மதம் மாறினதுல அவளுக்குக் கோவம் இல்லையா?”

“ஆரம்பத்துல வருத்தம். இல்லைன்னு சொல்லமாட்டேன். போகப் போக அது போயிடுச்சு. கடைசியில எங்கிட்ட சொன்னா, அவன் எங்க உக்காந்து கும்பிட்டா என்ன, நல்லா இருக்கட்டும்னா. உம் புதுப் பேரைச் சொல்லி, வந்தானான்னு கேட்டா.”

அவன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். “என் புதுப் பேரையா? எப்படிச் சொன்னா?”

அத்தான் வாயைத் திறந்தார். ஏதோ ஒரு சத்தம் வந்தது, அது பெயராக ஆகவில்லை. மறுபடி முயன்றார். தலையை ஆட்டிக்கொண்டார். “எனக்கு வாயில நுழையல மாப்ள. அவ சரியாச் சொன்னா.”

“அப்ப கூட யார் இருந்தாங்க?”

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவனுக்கே உறைத்தது. அத்தானுக்கும் புரிந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“யாருமில்லப்பா. நர்ஸ்கூட வெளிய போயிருந்தாங்க. நான் மட்டும்தான்.”

அவன் அவர் முகத்தைப் பார்த்தான். ஒரு தடவை அவனை வரவழைக்கப் பொய் சொன்ன மனுஷன். இன்று அவனைத் தேற்றி அனுப்புவதற்கும் பொய் சொல்லக்கூடியவர்தான். நல்ல மனசு அவருக்கு, வளைகிற மனசு. அக்கா நிஜமாகவே அந்தப் பெயரைச் சொன்னாளா? சொல்ல இன்னொரு ஆள் இந்த உலகத்திலேயே கிடையாது. யாரைக் கேட்டால் தெரியுமோ அவளைக் கேட்டிருக்கலாம். கிளம்பு என்று மனைவி சொன்னபோது கிளம்பியிருந்தால் அவள் வாயாலேயே கேட்டிருப்பான்.

“இன்னொரு தடவை சொல்லுங்க அத்தான்,” என்றான்.

ஒரே ஆள் இரண்டு தடவை சொன்னால் அது இரண்டு பேர் ஆகிவிடாது. எத்தனையோ பேரை உட்கார வைத்து அவனே சொல்லிக் கொடுத்ததுதான். இருந்தும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். அத்தான் முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தார்.